கோடு போட்ட நட்டு

வாங்க தம்பி, வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம், இது கார் செட்டுதான், கார்தான் இல்ல. அந்தியூர்ல இருந்தா வர்றீங்க? பஸ்ஸுலயா? அப்ப வண்டி புடிச்சிருந்தா ஓட்டீட்டே போயிரலாம்னுதான் வந்திருக்கீங்க. நல்லது. உக்காருங்க. வாசுகி, காப்பி ரெண்டு! என் சம்சாரம்ங்க. காலைல இருந்து கேட்டையே பார்த்துட்டு இருக்கா, நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னு. என்னை விட அவளுக்குத்தான் இது வீட்டை விட்டுப் போகோணும்னு அவசரம்.

பதினோரு மாசமா தார்ப்பாய் போட்டு மூடியே கிடக்குதுங்க. கொடியில துணி காயப் போடறதுக்கு இதைத் தாண்டித்தான் அவ போகோணும். "பொணத்தைப் போர்த்தி வாசல்ல வெச்சாப்ல இருக்குது, ஒண்ணு ஓட்டுங்க, இல்லீன்னா வித்துத் தொலைங்க"ங்கறா. வாய்ல நல்ல வார்த்தையே வராது அவளுக்கு.

இருங்க, எடுக்கறேன். அந்த முனையைப் புடிங்க. ஆங். பாருங்க, எப்படி இருக்குது! நானூறு சிசி. நாப்பத்தோராயிரம் ஓடியிருக்குது. இடது பக்கம் ஒரு கீறல் இருக்குது, கூர்க்குல விழுந்தது, மறைக்க மாட்டேன். மறைச்சு விக்கற புத்தி எனக்கு இல்லீங்க. இந்த வண்டியை ஒரு நாள் கூடக் கடையில விட்டதில்ல. ஆயில் மாத்தறதுல இருந்து இன்ஜின் தலையைக் கழட்டறது வரைக்கும் எல்லாம் இந்த செட்டுலதான், எங்க ஆளுக கையாலதான்.

அதுவா? மஞ்சக் கோடு. பரவால்லீங்க, கண்ணு கூர்மையாத்தான் இருக்குது உங்களுக்கு. நிறையப் பேரு அதை யாரோ கிறுக்கி வெச்சிருக்கான்னு நினைப்பாங்க. ஒரு நட்டை முழுசா இறுக்குனதும், நட்டு மேலயும் அது உக்காந்திருக்கற இரும்பு மேலயும் சேர்த்து ஒரே கோடா இழுத்துடறது. பெயின்ட் பேனா. வண்டி அதிர்வுல நட்டு துளி சுத்துச்சுன்னாக்கூட கோடு ரெண்டாப் பிரிஞ்சிரும். ஸ்பேனரே வேண்டாம், குனிஞ்சு பார்த்தாப் போதும். நான் இருபத்திரெண்டு வருசமா ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ் பார்க்கறேங்க. மில்லுல இது பழக்கம். எங்க பைக் குரூப்புக்கு நான்தான் கொண்டாந்தேன். அதுக்கு முன்னால இவங்களுக்கு நட்டுன்னா என்ன, போல்ட்டுன்னா என்ன! சாதிக் பாய் மருந்துக் கடைக்காரரு. அவரு பிரேக் கழட்டறதை முதல் தடவை பார்த்தப்ப எனக்கு நெஞ்சே நின்னு போச்சு.

குரூப் பேரு 'எட்டு வண்டி'. எட்டு பேர்ல ஆரம்பிச்சது, அதனால அப்படி. இப்ப ஆறு. ஒருத்தன் செத்துப் போயிட்டான், ஒருத்தனைத் தூக்கீட்டாங்க. தூக்கப்பட்டவன் உங்க முன்னாடி உக்காந்திருக்கறேன்.

சிரிக்கறீங்க. சிரிங்க. நானும் சிரிக்கறேன், பின்ன என்ன பண்றது? ஒரு நாள் காலைல மில்லுக்குக் கிளம்பறேன், போனைப் பார்த்தா வாட்ஸப்புல நான் இல்ல. ஒரு வார்த்தை சொல்லோணுமா வேண்டாமா? ஒம்பது வருசம் தம்பி. ஒம்பது வருசமா ஞாயித்துக்கிழமைன்னா இந்த செட்டுல ரெண்டு வண்டியாச்சும் பிரிஞ்சு கிடக்கும். வாசுகி காப்பி போட்டுப் போட்டே ஓய்ஞ்சு போவா. எவனுக்கு கிளட்ச் வழுக்குனாலும் எனக்குத்தான் போன். எவன் செயின் கத்துனாலும் நான்தான் காதை வெச்சுக் கேக்கோணும். அப்பல்லாம் நல்லசிவம் அண்ணன் வேணும். இப்ப வேண்டாம்.

செவுத்துல தொங்குது பாருங்க, நீளமா, அதான் டார்க் ரெஞ்ச். இவ்வளவு பலத்துக்கு இறுக்கோணும்னு நம்பர் வெச்சுட்டா, அந்த அளவு வந்ததும் கையில 'டக்'குனு ஒரு தட்டு தட்டும். கம்மியும் இல்ல, ஜாஸ்தியும் இல்ல. எட்டு பேரும் சேர்ந்து வாங்கி இங்க மாட்டி வெச்சோம். ஒருத்தர் ரெஞ்சு போடுவாரு, 'டக்'குன்னு சத்தம் வரும், உடனே நான் கோடு போடுவேன். டக், கோடு. டக், கோடு. பார்க்கறதுக்கே ஒரு அழகா இருக்கும். பேனா என் கையில மட்டும்தான் இருக்கும். அதுல நான் கண்டிசன். எல்லாரும் கோடு போட ஆரம்பிச்சா அப்புறம் கோட்டுக்கு என்ன மரியாதை? இன்னொரு ரூலும் வெச்சிருந்தேன், கோடு போட்ட நட்டுல மறுக்கா யாரும் ஸ்பேனர் வைக்கக் கூடாது. வெச்சா என்ன அர்த்தம்? முந்தி வேலை பார்த்தவனை நம்பலைன்னு அர்த்தம். மில்லுல இதுக்கு அடிதடியே நடந்திருக்குது.

காப்பி வந்திருச்சு, எடுத்துக்குங்க. சக்கரை போதுமா?

செத்தவன் பேரு பூபதி. ஜவுளிச் சந்தையில துண்டு வியாபாரம். என்னை விட எட்டு வயசு இளையவன். குரூப்புல சின்னவங்கெல்லாம் என்னை சிவம்ணான்னு கூப்பிடுவாங்க, அவன் மட்டும் வெறும் 'ங்ணா'. அவனைப் பத்தி உங்களுக்கு ஒண்ணு சொல்லோணும். கூர்க்குல இந்த வண்டி கீழ விழுந்துச்சுன்னு சொன்னனுங்களா? சேத்துல சறுக்கி விழுந்து, மறுக்கா ஸ்டார்ட்டே ஆகல. மழைன்னா அப்படி ஒரு மழை. கடை கண்ணி ஒண்ணும் கிடையாது, அட்டைப்பூச்சி காலைத் தின்னுது. பூபதி அவன் வண்டியை என் பக்கத்துல கொண்டாந்து, வலது காலை நீட்டி, என் வண்டியோட பின் ஃபுட்ரெஸ்ட்டுல வெச்சு மிதிச்சுத் தள்ளுனான். அவன் வண்டி ஓடுது, என் வண்டி அந்தக் கால்ல போகுது. பதினெட்டு கிலோமீட்டர் தம்பி. நான் சும்மா ஹேண்டிலைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறேன். ஊரு வந்து இறங்குனப்ப அவனால காலை மடக்க முடியல. முட்டி வீங்கி பூசணிக்காயாட்டம் ஆயிருச்சு. "ங்ணா, நீங்க கொஞ்சம் சோறு கம்மியாத் தின்னுங்க"ன்னான், அவ்வளவுதான். அப்படி ஒரு மனுசன். எனக்குக் கூடப் பிறந்தவன் இல்ல. இருந்திருந்தாலும் அப்படித் தள்ளியிருப்பானான்னு தெரியல.

சரி விடுங்க. வண்டியைப் பத்தி வந்தீங்க, நான் என் கதையை அளந்துட்டு இருக்கறேன். ஆனா நீங்க வாங்கறதுக்கு முன்னால தெரிஞ்சுக்கோணும். நாளைக்கு ஈரோட்டுல எவனாச்சும் ஒருத்தன், "அட, அது அந்த நல்லசிவம் வண்டியாச்சே"ம்பான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டுங்களா? அதனால என் வாயால நானே சொல்லீடறேன்.

போன தை மாசம் குஜராத்துக்குப் போறதுன்னு பேச்சு. கட்ச்சுல உப்பு பூத்த பாலைவனம் இருக்குதுல்ல, வெள்ளை வெளேர்னு, அங்க. பன்னெண்டு நாள். ரெண்டு ஞாயித்துக்கிழமை வேலை பார்த்தோம். ஆறு வண்டி முத வாரமே முடிஞ்சு போச்சு. கடைசி ஞாயித்துக்கிழமை மிச்சம் ரெண்டுதான். பூபதி வண்டி, என் வண்டி. ரெண்டும் ஒரே மாடல், ஒரே வருசம். இந்தா, இதே இடத்துல பின் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டுல வெச்சிருந்தோம். சாதிக் பாய் முன் பிரேக்கு பார்த்தாரு. பூபதி ரெண்டு வண்டிக்கும் செயின் டைட் பண்ணினான். செயின் டைட் பண்ணோணும்னா பின் சக்கரத்து ஆக்ஸில் நட்டைத் தளத்தோணும். சக்கரத்து நடுவால போற கம்பிதான் ஆக்ஸில், அந்தக் கடைசியில இருக்கற பெரிய நட்டு. தளத்தி, சக்கரத்தைப் பின்னால இழுத்து, நேர் பார்த்து, மறுக்கா இறுக்கோணும். அந்த நட்டு போச்சுன்னா சக்கரம் போச்சு. நான் வழக்கம் போல பேனா.

அன்னிக்குப் பாருங்க, அந்தப் பேனா ஒரே தகராறு. கெரகம் புடிச்ச பேனா. முனை காய்ஞ்சு அடைச்சுக்கிச்சு. குலுக்கறேன், கல்லுல தட்டறேன், அழுத்தறேன், சொட்டு வர மாட்டேங்குது. கால் மணி நேரம் போராடுனதுக்கப்புறம் திடீர்னு வந்துச்சு. வந்தப்ப விட்டுறக் கூடாதுங்க. மூடி வெச்சா மறுக்கா அடைச்சுக்கும். அதனால ஒரே மூச்சா ரெண்டு வண்டியிலயும் எல்லா நட்டுக்கும் இழுத்துட்டேன். முன் பிரேக், ஹேண்டில், பின் ஆக்ஸில், ஒண்ணு விடல. பூபதி அப்பத்தான் ரெண்டு வண்டியிலயும் ஆக்ஸில் நட்டைக் கையால சுத்தி உக்கார வெச்சுட்டு ரெஞ்சை எடுக்கத் திரும்பினான். திரும்பறான், கேட்டுல சுகுணா நிக்கறா. அவன் சம்சாரம். தூக்குப்போசி நிறைய பள்ளிபாளையம் சிக்கன். சின்ன வெங்காயமும் வர மிளகாயும் போட்டு, தேங்காயைப் பல்லுப் பல்லாக் கீறிப் போட்டு, அந்த வாசனைக்கே பசி எடுக்கும். "ஆறீட்டா நல்லாருக்காதுங்ணா, வாங்க"ன்னா. எல்லாரும் கை கழுவப் போயிட்டோம். அன்னிக்கு சாப்பிட்டதுதான் நாங்க எல்லாரும் சேர்ந்து கடைசியாச் சாப்பிட்டது.

ஏன் சொல்றேன்னா, அவசர அடியில நடந்த வேலை இல்ல அது. நிதானமா, முறையா நடந்துச்சு. சாப்பிட்டு வந்து பூபதி கேட்டான், "ங்ணா, பின்னாடி ஆக்ஸில் ஆச்சுங்களா?" நான் இந்தச் சேர்லதான் உக்காந்து பல்லுக் குத்தீட்டு இருந்தேன். "கோடு இருக்குதா பாரு"ன்னேன். குனிஞ்சு பார்த்தான். ரெண்டு வண்டியிலயும் பார்த்தான். "இருக்குதுங்ணா"ன்னான். முடிஞ்சுது, மறு பேச்சு இல்ல. வண்டியை ஸ்டாண்டுல இருந்து இறக்கி, பொழுதோட ஓட்டீட்டுப் போயிட்டான். அப்படி ஒரு நம்பிக்கைங்க என் கோட்டு மேல.

என்ன தம்பி, காப்பி ஆறுது. குடிங்க.

நான் போகல. போயிருக்கோணும். வாசுகியோட அக்கா மகளுக்கு அந்த வாரம் நிச்சயம் வெச்சுட்டாங்க. பொண்ணோட சித்தப்பா நிச்சயத்துக்கு இல்லாம குஜராத்துல உப்பு பார்க்கப் போனான்னா எப்படி இருக்கும்னு இவ புடிச்ச புடியில நின்னா. இங்கயே நின்னுட்டேன். வண்டி துடைச்சு, நட்டு இறுக்கி, கோடு போட்டு, ரெடியா நின்னுச்சு. நான் மண்டபத்துல வெத்தலைத் தட்டு தூக்கீட்டு இருந்தேன். அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் இந்த வண்டி இந்த செட்டை விட்டு ஒரு அடி நகரல. அதை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க.

நிச்சயத்தன்னிக்கு விடிஞ்சதும் ஏழு பேரும் கிளம்பினாங்க. சேலம் தாண்டி, தொப்பூர் தாண்டி ஒரு டீக்கடையில நிறுத்தியிருக்காங்க. அங்கிருந்து பூபதி எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். பின் சக்கரத்து நட்டு, கிட்டப் போய் எடுத்தது. 'ங்ணா, கோடு நேரா இருக்குது. சிக்கன் இல்லாம நிச்சயத்துல என்ன சாப்பாடு'ன்னு போட்டிருந்தான். இந்தா, இன்னும் வெச்சிருக்கறேன், பாருங்க. கோடு நேரா இருக்குதா இல்லியா? நீங்களே சொல்லுங்க. நூத்திப் பத்து கிலோமீட்டர் ஓடியும் நேரா இருக்குது. இதை சாதிக் பாய்க்கும் காட்டினேன். அந்த ஆளு அதைப் பார்க்காம என் மூஞ்சியைப் பார்க்கறாரு.

மத்தியானம் ரெண்டே கால். பெங்களூர் தாண்டி, தும்கூர் தாண்டி, சிரா போறதுக்கு முன்னால. நான் பந்தியில உக்காந்திருக்கறேன், போன் வருது. சாதிக் பாய். அழுகையா, இரைச்சலா, ஒண்ணும் விளங்கல. அப்புறமாச் சொன்னாரு. அவருதான் பூபதிக்குப் பின்னால போயிருக்காரு. நேரான ரோடு, எண்பதுல போறாங்க. பூபதி வண்டியோட பின்பக்கம் ரெண்டு தடவை ஆடுச்சாம். கையைத் தூக்கி ஏதோ சொல்ல வந்தானாம். அதுக்குள்ள சக்கரம் கோணி, செயின் சிக்கி, அப்படியே பூட்டிக்கிச்சு. விழுந்தான். விழுந்தது கூடப் பெரிசில்லீங்க, கை கால் உடைஞ்சு பொழைச்சிருப்பான். பக்கத்து லேன்ல லாரி.

அதுக்கு மேல நான் சொல்லல. சாதிக் பாய் என்கிட்டச் சொன்னாரு, நான் உங்ககிட்டச் சொல்லல. இடுப்புக்குக் கீழன்னு மட்டும் வெச்சுக்குங்க. பதினெட்டு கிலோமீட்டர் என்னைத் தள்ளுன கால்.

ரோட்டுல ஆக்ஸில் கிடந்திருக்குது, நட்டைக் காணல. ஆறு பேரும் அரை பர்லாங் நடந்து தேடியிருக்காங்க, கிடைக்கல. அந்தப் பக்கத்து இரும்புல பாதிக் கோடு இருந்துச்சு. மீதிப் பாதி நட்டோட போயிருச்சு. போலீஸ்காரங்க விபத்துன்னு எழுதி முடிச்சுட்டாங்க. அவங்களே ஒண்ணும் சொல்லல. ஆனா எங்க குரூப்புக்காரங்க என்னைச் சொல்றாங்க.

ஆம்புலன்ஸ் மறுநாள் காலைல வந்துச்சு. பூபதி வீட்டு வாசல்ல பந்தல் போடச் சொல்லி, சேர் இறக்கி, எல்லாம் நான்தான் முன்ன நின்னேன். பொட்டியைத் திறந்து முகம் மட்டும் காட்டுனாங்க. அந்த முகத்துல ஒரு கீறல் இல்லீங்க. தூங்கறாப்ல இருந்தான். எனக்கு அழுகை வரல. இன்னும் வரல, ஏன்னு தெரியல.

சுகுணா அழுது ஓய்ஞ்சு, செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. பொண்ணு மடியில. நான் கிட்டப் போனேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கேட்டா, "ங்ணா, நீங்க அதை இறுக்குனீங்களா?" யாரு சொல்லிக் கொடுத்தாங்கன்னு தெரியல, அத்தனை பேரு முன்னால அப்படிக் கேட்டா. நான் சொன்னேன், "அம்மிணி, நான் கோடு போட்டேன்"னு. சரியான பதில்தானுங்க? அவ மறுக்காவும் அதையே கேட்டா. "இறுக்குனீங்களா ங்ணா?" "கோடு போட்டனே அம்மிணி"ன்னேன். அதுக்கு அப்புறம் அவ என்கிட்டப் பேசல. இன்னிக்கு வரைக்கும் பேசல. காரியத்துக்குப் போனேன், உள்ள எந்திரிச்சுப் போயிட்டா.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம்பாங்க. அதுதான் நடந்துச்சு. நீங்களே ரோசனை பண்ணுங்க. செயின் டைட் பண்ணினது யாரு? பூபதி. ரெஞ்சு புடிக்கறது யாரு வேலை? அவன் வேலை. செத்தவனைச் சொல்லக் கூடாது, நான் சொல்லல. ரோடு மோசம்னு ஏன் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க? நட்டுல மரை தேஞ்சிருக்கலாம்னு ஏன் சொல்ல மாட்டேங்கறாங்க? பெங்களூர்ல சாப்பிட நிறுத்துனப்ப வண்டியை எவனாச்சும் தொட்டிருப்பான்னு ஏன் சொல்ல மாட்டேங்கறாங்க? நல்லசிவம்னா லேசாப் போச்சு.

பதினாறாம் நாள் கழிச்சு சாதிக் பாய் வந்தாரு. ஒத்தையில வந்தாரு. இந்தா, நீங்க உக்காந்திருக்கற இடம். காப்பி வேண்டாம்னுட்டாரு. "சிவம், உன் மேல பழி போட வரல. ஒண்ணே ஒண்ணு பார்த்துட்டுப் போயிடறேன். ரெண்டு வண்டியும் ஒரே நாள், ஒரே ஆளுக பார்த்தது. உன் வண்டி அன்னிக்கு நின்னது நின்னாப்ல நிக்குது. அந்தப் பின் நட்டுல ஒருக்கா ரெஞ்சு வெச்சுப் பார்க்கறேன். டக்குன்னு சத்தம் வந்துச்சுன்னா நானே உன் கால்ல விழுந்துட்டுப் போறேன்"னாரு.

எப்படி இருக்குது கதை? என் வீட்டுல வந்து, என் கோட்டு மேல ரெஞ்சு வைப்பாராம். ஒம்பது வருசத்துல ஒருத்தன் செஞ்சதில்ல. நான் சொன்னேன், "பாய், கோடு நேரா இருக்குது. கண்ணு இருந்தாப் பார்த்துக்குங்க. ரெஞ்சைத் தொட்டீங்கன்னா நம்ம சினேகம் இத்தோட சரி"ன்னேன். "பயமா இருக்குதா சிவம்?"னு கேட்டாரு. மெதுவாத்தான் கேட்டாரு. எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்துச்சோ. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? வெளிய போய்யான்னுட்டேன். வயசுல மூத்த மனுசன். போயிட்டாரு. மறுநாள் காலைல வாட்ஸப்புல நான் இல்ல.

அதுக்கப்புறம் நானும் தொடல. தொட என்ன இருக்குது? நல்லா இறுகியிருக்கற நட்டை எதுக்குத் தொடோணும்? சில நாள் விடியக்காலம் எந்திரிச்சு வந்து, தார்ப்பாயைத் தூக்கி, கோட்டை மட்டும் பார்ப்பேன். நேரா இருக்கும். மூடீட்டுப் போயிடுவேன். வாசுகிக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டு இருந்தேன். அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. "பார்க்கறதுன்னா ஸ்பேனரை வெச்சுப் பாருங்க, இல்லீன்னா பார்க்காதீங்க"ன்னா ஒரு நாள். மூணு நாள் அவளோட நான் பேசல.

இப்ப வர்ற தை வந்தா வருசம் திரும்புது. ஆறு பேரும் பூபதி படம் போட்ட பனியன் அடிச்சு சிரா வரைக்கும் போறாங்களாம். சுகுணாதான் கொடி அசைக்கறாளாம். எனக்குத் தகவல் இல்ல. டீக்கடையில கேள்விப்பட்டேன். அன்னிக்குத்தான் வண்டியை விக்கறதுன்னு முடிவு பண்ணினேன். கதை முடிஞ்சுது. உங்களுக்கு வண்டி வேணும், எனக்கு இது போகோணும். விலையைப் பத்தி நான் சண்டை போட மாட்டேன். பேட்டரி புதுசு போட்டிருக்கறேன், சாவியைத் திருகுங்க, கேளுங்க சத்தத்தை. எப்படி! பதினோரு மாசம் நின்ன வண்டின்னு யாராச்சும் சொல்லுவாங்களா? ஆஃப் பண்ணுங்க, போதும்.

என்ன தேடறீங்க? ரெஞ்சா? அது எதுக்குங்க?

இல்ல தம்பி, நான் இவ்வளவு நேரம் என்ன சொல்லீட்டு இருந்தேன்? கோடு இருக்குதுங்க. குனிஞ்சு பாருங்க. நேரா இருக்குதா? அப்புறம் என்ன? முப்பத்தஞ்சு கிலோமீட்டர் ஓட்டீட்டுப் போறீங்க, அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆகாதுன்னா ஆகாது. வேணும்னா நாளைக்கு உங்க ஊர் மெக்கானிக்கிட்டக் காட்டிக்குங்க.

இல்ல, கோபம் இல்லீங்க. எனக்கென்ன கோபம்? வாங்கறவரு பார்க்கத்தான் செய்வீங்க. நியாயம்தான். வீட்டுல யாரு இருக்கா உங்களுக்கு? கல்யாணம் ஆயிருச்சா? ஓ. பேரு வெச்சாச்சா? எத்தனை மாசம்? நாலு மாசம். சரி.

சரி. எடுங்க ரெஞ்சை. நான் போடல. நீங்களே போடுங்க. இருபத்திநாலு நம்பர் சாக்கெட், அந்த டப்பாவுல இருக்குது. எழுபதுல வைங்க. வெச்சாச்சா? மெதுவா. அழுத்தி ஒரு தட்டு, டக்குன்னு சொல்லும், எடுத்துருங்க. அரை நிமிசம்தான். நான் இங்கயே உக்காந்துக்கறேன், முட்டி வலிக்குது. சத்தம் எனக்குக் கேக்கும். வாசுகி, நீ ஏன் இங்க வந்து நிக்கற? உள்ள போ. போன்னு சொல்றேன்ல?

போடுங்க.

என்ன? சுத்துதா? கொஞ்சம் சுத்தும். நின்ன வண்டி. இன்னும் கொஞ்சம். டக்குன்னு வரும் பாருங்க. வரலியா?

ரெஞ்சை எடுங்க. எடுத்துக் கீழ வைங்க. கையால சுத்திப் பாருங்க. விரலால.

நிறுத்துங்க. நிறுத்துங்க தம்பி, இறுக்காதீங்க. அப்படியே விட்டுருங்க.

நீங்க ரெஞ்சு வைக்கறதுக்கு முன்னால கோடு நேராத்தானே இருந்துச்சு? பார்த்தீங்கல்ல? உங்க கண்ணால பார்த்தீங்கல்ல? இப்பத்தான் உடைஞ்சுது. அப்படின்னா அன்னிக்கு இருந்து அது துளி நகரல. அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருந்திருக்குது.

நிச்சயம் மட்டும் இல்லீன்னா நானும் இதுலதான் போயிருப்பேன்.

வாசுகி, என் போனை எடு. அழுகாத. போனை எடுன்னா எடு. சாதிக் பாய்க்கு அப்புறம். முதல்ல அவளுக்கு. நம்பர் இருக்குது, நான் அழிக்கல. தம்பி, நீங்க போயிராதீங்க, செத்த இருங்க. யாராச்சும் பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு வாயில சரியா வரும். இல்லீன்னா மறுக்கா கோடு கோடுன்னுதான் வரும்.

போகுது. மணி அடிக்குது.

அம்மிணி, வெச்சுராத. நல்லசிவம் பேசறேன். அன்னிக்கு நீ என்கிட்ட ஒண்ணு கேட்ட. இல்ல அம்மிணி. இறுக்கல.